அந்த ஃபெயில் யாருடையது

சனிக்கிழமை காலை, சமையலறை மேசையிலிருந்து

என் கைசா கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் கிழட்டு நாயும் சௌகரியமாக இருக்கிறோம், பனி ஜன்னல் பாதிவரை ஏறி நிற்கிறது, அதை விட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன் பக்கத்து நலம்தான் தெரிய வேண்டும். நெஞ்சுச் சளி கரைந்ததா, காய்ச்சல் திரும்ப எட்டிப் பார்த்ததா, நிமோனியாவுக்குக் கொடுத்த மாத்திரையை முழுக்க முடித்தாயா இல்லை கொஞ்சம் தெம்பு வந்ததும் டப்பாவை மூடி வைத்துவிட்டாயா, எல்லாம் எழுது. ஃபோனில் கேட்கலாமே என்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் சரிம்மா, படிக்கணும்மா, வெச்சிடறேம்மா என்று மூன்று அம்மா போட்டுக் கதவைச் சாத்திவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் சாத்த முடியாது. தபால் ஆபீஸ் வெர்னாவிடம் கேட்டேன், இன்று மத்தியானத்துக்குள் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை அரிசோனாவில் உன் கையில் இருக்கும் என்றாள். உனக்கு வெள்ளிக்கிழமைவரை கெடு. உடம்பு தேறும்வரை படிப்பை நிறுத்திவைத்துவிட்டு அடுத்த ஜனவரியில் இதே இடத்திலிருந்து தொடரலாம் என்று கல்லூரியில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்களே, கையெழுத்துப் போட மாட்டேன் என்று அதை நீ டிராயரில் போட்டு வைத்திருக்கிறாயே, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு வந்து சேர எனக்குக் கொஞ்சம் சுற்றுவழி போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டரிடம் போங்க என்றால் வீட்டுலயே ஒண்ணு தயாராகிட்டிருக்கே, எதுக்கு வெளில போகணும் என்கிறார். மரமில்லில் நீ டாக்டருக்குப் படிக்கிறாய் என்று அவர் தம்பட்டம் அடித்ததில் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாம் தங்கள் நோயை அவரிடம் காட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் ஒருவர் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸைக் கழற்றிக் கட்டைவிரலைக் காட்டினாராம். இவர், என் பொண்ணு முதல் வருஷம்தாம்ப்பா, இன்னும் கால்வரைக்கும் பாடம் வரல, மேல எங்கயாவது வலிச்சா சொல்லு என்றாராம். வெர்னா வழக்கம்போலத்தான், உன் பொண்ணு இன்னுமா படிக்கிறா, நான் ரிட்டயராகி மண்டையைப் போட்டப்புறம்தான் எனக்கு ஊசி போட வருவா போலிருக்கே என்கிறாள். வாய்தான் அப்படி. உனக்கு நிமோனியா என்று கேட்டதும் அன்றைக்கே மாவு பிசைந்து ஏலக்காய் ரொட்டி இரண்டு சுட்டு, தபால் செலவு தன்னுடையது என்று சொல்லி அனுப்பினாள், வந்து சேர்ந்ததா இல்லையா என்றுகூட நீ எழுதவில்லை. அவளுக்கு ஒரு கார்டு போடு.

சரி, கைசா, உன்னை நேரில் புகழ்ந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நாயைக் கொஞ்சப் போய்விடுவாய். இங்கே நீ எங்கும் போக முடியாது, அதனால் மனசில் இருப்பதை ஒரு தடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். நம் இரண்டு குடும்பத்திலும் பல்கலைக்கழக வாசலை முதலில் மிதித்தவள் நீ. பதினெட்டு வயசில் இரண்டு பெட்டியோடு போனாய், டாக்டராகப் போறேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டுப் போனாய், முதல் வருஷம் முடிந்து வந்தபோது வேதியியலில் ஃபெயில், கணக்கில் கரையொதுங்கிய ஒரு பாஸ், மொத்தத்தில் நாலுக்கு ஒன்று புள்ளி ஏழு. அடுத்த அரையாண்டு இப்படியே போனால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் அதை அடுப்பில் போட்டிருக்கும். நீ அதை எடுத்துக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், உன் அப்பாவின் மீன்பிடி லைசென்ஸுக்குப் பக்கத்தில் காந்தம் வைத்து ஒட்டினாய். ஏண்டி இப்படி வர்றவங்க போறவங்க பார்க்கிற மாதிரி என்று கேட்டதற்கு, யாரும் என்னை ஒளிஞ்சு ஒளிஞ்சு கேட்க வேண்டாம், படிச்சுக்கட்டும் என்றாய். எனக்கு அன்றைக்கு அவமானமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். யாராவது வந்தால் அந்தக் கதவின் முன்னால் போய் நின்றுகொள்வேன். உனக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

அப்புறம் நீ வீட்டுக்கே திரும்பி வந்து முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தாய். பெரியவர்களைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி, அவர்கள் திட்டுவதைக் கேட்டுச் சிரித்து, ரெண்டு வருஷம். பார்த்த ஜனம் அவ்வளவுதான், அந்தப் பொண்ணு அங்கேயே செட்டில் ஆகிடும் என்றது. நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லவில்லை. நீயோ வேலை முடித்த கையோடு நாற்பது மைல் பனியில் ஓட்டிக்கொண்டு போய்ச் சின்னக் கல்லூரியில் மாலை வகுப்பில் அதே வேதியியலை மறுபடியும் எடுத்தாய். முதல் வாரமே அங்கே வேதியியல் எடுக்கும் லுண்ட் வாத்தியாரின் அறைக் கதவைத் தட்டி, சார், நான் இதுல ஒரு தடவை ஃபெயில், எங்க புரியலங்கிறதே எனக்குப் புரியல என்று சொன்னாயாமே. அவர் சிரித்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டாராம். அந்த வருஷம் நம் சாப்பாட்டு மேசை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உருளைக்கிழங்கும் தீக்குச்சியுமாகச் சொருகி அணு, மூலக்கூறு என்று வரிசையாக நிறுத்தியிருப்பாய், ஒருநாள் உன் அப்பா மில்லிலிருந்து பசியோடு வந்து மீத்தேனை வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டார். நீ கோபித்துக்கொள்ளாமல் அதையே எனக்கு விளக்கிச் சொல்ல ஆரம்பித்தாய், நானும் தலையாட்டினேன், ஒன்றும் ஏறவில்லை. ஆனால் நீ ஒருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு வந்துவிட்டாய் என்பது மட்டும் ஏறியது.

அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள், நகர்ந்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். வேதியியலில் முதல் தரம் வாங்கினாய். அப்புறம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பிப் போய் பட்டம் முடித்தாய், நுழைவுத் தேர்வுக்கு எட்டு மாசம் படித்தாய். பத்தொன்பது மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாய், பத்தொன்பதும் இல்லை என்றன. பழைய மதிப்பெண்ணைப் பார்த்தே தள்ளறாங்கம்மா, அதை அழிக்க முடியாது, மேல மேல நல்லதாப் போட்டு மூடத்தான் முடியும் என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போனாய். அடுத்த வருஷம் மறுபடியும் போட்டாய், ஒரே ஒரு இடத்திலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். இடம் கிடைத்த அன்றைக்கு நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன், நான் ஃபோன் எடுக்கவில்லை என்று நீ பஸ் கொட்டகைக்கே அடித்துச் சொல்லிவிட்டாய். அங்கிருந்து பஸ்களோடு ரேடியோவில் பேசும் டெல்பர்ட்டுக்கு ரகசியம் என்றால் என்னவென்று தெரியாது. பதினாலாம் நம்பர் பஸ், உன் பொண்ணு டாக்டருக்குத் தேர்வாயிட்டா, ஓரமா நிறுத்தி அழுதுட்டு அப்புறம் ஓட்டு என்று எல்லா பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். நான் நிறுத்தவில்லை. அழுதுகொண்டே ஓட்டினேன். நிறுத்தினால் நேரம் தவறிவிடுமே என்று. அப்போது அதை ஒரு பெருமையாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனிமேல்தான் சொல்ல வேண்டியது வருகிறது. ஆகஸ்டில் நீ மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததும் உனக்கு வெள்ளைக் கோட்டு போடும் விழாவுக்கு வந்தோமே, நீ படம் எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு அம்மாள் கையில் காப்பியோடு என்னிடம் வந்தார், டாக்டர் ஹால்பர்ட் என்று பேர், உன்னை நேர்முகம் செய்தவர். அவர், இத்தனை வருஷமா நான் இந்த நேர்முக நாற்காலியில உட்கார்றேன், மார்க்கு ஏன் குறைஞ்சதுன்னு கேட்டா வாத்தியார் சரியில்ல, ரூம்ல இருந்தவ சரியில்லன்னு ஆளுக்கொரு காரணம் கொண்டாருவாங்க. உங்க பொண்ணுகிட்ட, வேதியியல்ல மூழ்கறோம்னு தெரிஞ்சதும் அக்டோபர் கடைசிக்குள்ள அந்தப் பாடத்துலருந்து பேரை எடுத்திருக்கலாமே, ஃபெயிலே விழுந்திருக்காதே, ஏன் நீ கடைசிவரைக்கும் உட்கார்ந்தேன்னு கேட்டேன். அது என் தப்புக் கணக்கு, உதவி கேட்கத் தெரியல, இப்போ தெரியும், அவ்வளவுதான் சொன்னா, யார் மேலயும் பழி போடல, எனக்கு அதுதான் பிடிச்சுது என்றார். என் கையில் கேக் தட்டு. எனக்கு அது கையில் இருப்பதே தெரியவில்லை.

ஏனென்றால் அந்த அக்டோபரில் நீ கேட்டது என்னிடம். நான் டர்னிப் கிழங்கை நறுக்கிக்கொண்டு தோளில் ஃபோனை இடுக்கிக்கொண்டு நின்றேன். அம்மா, வேதியியல் ஒண்ணுமே புரியல, இந்த மாசத்துக்குள்ள பேரை எடுத்துடலாம்னு ஆலோசகர் சொல்றார், எடுத்துடட்டுமா என்று கேட்டாய். உன் குரல் எவ்வளவு சின்னதாக இருந்தது என்று இன்றைக்கும் காதில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு வழி உண்டு, எடுத்தால் 'விலகினாள்' என்று ஒரு எழுத்தோடு போய்விடும், எடுக்காமல் ஃபெயிலானால் அது ஜென்மத்துக்கும் போகாது, இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த பள்ளிக்கூடம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது. சேர்ந்துவிட்டுப் பேரை எடுப்பதாவது என்று எனக்கு ஓடிப்போகிற காரியமாகப் பட்டது. தெரியாத விஷயத்தில் தெரியாது என்று சொல்லத் தெரியாமல், மேல் பலகையிலருந்து முதல்ல இறங்கறவ நம்ம வீட்டுப் பொண்ணு இல்ல, பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்காரு என்றேன். நம் வீட்டில் சனிக்கிழமை ஆவிக்குளியலுக்குப் போகிற சௌனா அறையில் சுட்ட கல்லில் தண்ணீர் ஊற்ற ஊற்ற ஆவி காதைப் பொசுக்கும்போது மேல் பலகையை விட்டு யார் முதலில் இறங்குகிறார்களோ அவர்கள் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும், அந்தப் பந்தயத்தில் ஒன்பது வயசிலேயே பீட்ரூட் மாதிரி சிவந்து போய் இறங்க மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தவள் நீ. அந்தச் சொல்லுக்கு மேல் உன்னிடம் எதுவும் செல்லாது என்று தெரிந்தே சொன்னேன். சரிம்மா என்றாய். ஒன்பது வருஷம் நீ அதை யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் அம்மாளிடம் சொல்லவில்லை, உன் அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடமே ஒரு சண்டையில்கூடத் தூக்கிப் போடவில்லை. நாம் போட்ட சண்டை எத்தனை! எங்கிருந்து வந்ததடி உனக்கு அந்தப் பெருந்தன்மை, நிச்சயமாக என் பக்கத்திலிருந்து இல்லை.

ஆகஸ்டிலேயே உன்னிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவள்தானே நான், சொல்லாமல் விழுங்கிவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன், ஒழுங்காக ஓய்வு எடுத்துக்கொள்ளேன் என்றேன். நீ சிரித்துக்கொண்டே, மேல் பலகையிலருந்து முதல்ல இறங்கறவ நம்ம வீட்டுப் பொண்ணு இல்லம்மா, நீதானே சொன்னே என்றாய். சொல்லி முடிக்கவில்லை, இருமல் பிடித்துக்கொண்டது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன், நாற்பதுவரை எண்ணினேன், இருமல் நிற்கவில்லை. மூன்று வாரப் பாடம் போய்விட்டது, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி பகல் உட்கார்ந்து அதைப் பிடிக்கப் பார்க்கிறாய், பிடிக்க முடியாது என்று உனக்கே தெரிகிறது. அப்படியும் இறங்க மாட்டாய். மறுபடியும் ஒரு ஃபெயில் விழும், இல்லை நுரையீரல் விழும். இரண்டுக்கும் விதை போட்டவள் நான்.

ஃபோனை வைத்துவிட்டு உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார், எங்க அம்மா வீட்டுல சௌனாவுல போட்டியெல்லாம் கிடையாது டார்லீன். சூடு போதும்னு தோணினா இறங்குவோம், வெளில பனியில நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடியும் ஏறுவோம், யாரு எத்தனை தடவை இறங்கினாங்கன்னு எவனும் எண்ண மாட்டான், சௌனாங்கிறதே அதுதான். போட்டி வெச்சது உங்க அப்பா வீட்டுல மட்டும்தான் என்றார். முப்பத்திரண்டு வருஷமா இதை ஏன் சொல்லலைங்க என்று கேட்டேன். நீ ஜெயிச்சுக்கிட்டே இருந்தே, பாத்திரம் கழுவறவன் பேச்சை யாரு கேட்பா என்றார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. யோசித்துப் பார், கைசா. உன்னிடம் நான் எதையெல்லாம் பார்த்து மலைத்துப் போய் நிற்கிறேனோ அது எதுவும் நீ இறங்காமல் உட்கார்ந்து செய்தது இல்லை. வீட்டுக்குத் திரும்பி வந்தாய், அது இறங்கியது. வாத்தியார் கதவைத் தட்டி எனக்குப் புரியல என்றாய், அதுவும் இறங்கியதுதான். ஒவ்வொரு தடவையும் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினாய். அதைச் செய்தவள் நீ. பேர் தட்டிக்கொண்டு போனது என் பழமொழி.

இன்னொன்றும் இருக்கிறது, சொல்லலாமா வேண்டாமா என்று இத்தனை பக்கம் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். பயப்படாமல் படி, நான் இதோ உட்கார்ந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை காலை பஸ் ஓட்டும்போது எனக்கு இடது கை மரத்துப்போய், சாலை இரண்டு சாலையாகத் தெரிந்தது. இது மூன்றாவது தடவை. முன்னே இரண்டு தடவை வந்தபோது உதறிவிட்டு ஓட்டிவிட்டேன், யாரிடமும் மூச்சு விடவில்லை. இந்தத் தடவையும் இன்னும் நாலே நிறுத்தம், பள்ளிக்கூடம் வந்துவிடும் என்றுதான் மனசு சொன்னது. பின்னால் முப்பத்தொரு பிள்ளைகள். அப்போது என் பழமொழி என் காதில் கேட்டது, என் குரலில் இல்லை, உன் குரலில், இருமலோடு. மூடிக்கிடக்கும் பெட்ரோல் பங்க் பக்கம் ஒதுக்கி நிறுத்தி, பிரேக்கைப் போட்டுவிட்டு ரேடியோவை எடுத்தேன். டெல்பர்ட் பஸ்ஸுக்கு என்ன ஆச்சு என்று கேட்டார். பஸ் நல்லாத்தான் இருக்கு, ஓட்டறவதான் சரியில்ல, வேற ஆளை அனுப்புங்க என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறியிருக்கிறது, மூளைக்குப் போகிற ரத்தம் கொஞ்ச நேரம் தடைப்பட்டு விட்டிருக்கிறது, இன்னும் நாலு நிறுத்தம் ஓட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யாராலும் சொல்ல முடியாதும்மா என்றார்கள். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், சோதனையெல்லாம் முடியும்வரை பஸ் ஓட்டக் கூடாது, உப்புக் கூடாது, கொஞ்ச நாளைக்குச் சௌனா கூடாது. உன் அப்பா மருந்துச் சீட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தினமும் வாசிக்கிறார், நான் நலம்தான். இதற்காக ஓடி வந்துவிடாதே, வருவதானால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, நீ தேறுவதற்காக வா. உன் அறை அப்படியே இருக்கிறது, கணப்பு மட்டும் மூட்ட வேண்டும்.

மாத்திரையை முடி. தண்ணீர் நிறையக் குடி. வெர்னாவுக்குக் கார்டு போட மறக்காதே. கடவுள் உன் நெஞ்சுக்கூட்டில் நல்ல காற்றாக நிரப்பட்டும், நீ ஒரு வருஷம் பிந்தி டாக்டரானாலும் பத்து வருஷம் பிந்தி ஆனாலும் உன்னிடம் காட்ட இந்த ஊர் அத்தனை கட்டைவிரலோடும் காத்திருக்கும், நானும் உன் அப்பாவும் வரிசையில் முதலில் நிற்போம். உன் பழைய மதிப்பெண் பட்டியலில் அந்த ஃபெயிலுக்குப் பக்கத்தில் யாருடையது என்று எழுத இடம் விடவில்லை. அதனால் அதற்குரிய ஆள் இங்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன், இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு:

முதல் வருஷ வேதியியல், ஃபெயில். என்னுடையது.

டார்லீன் நிஸ்கனென்,
கைசாவின் அம்மா

நான் போட்டுவிட்டேன், கண்ணு. வெள்ளிக்கிழமைக்குள் நீ போடு.